திருகுமூடி நிக்காத ஒரு எபோனைட் பேனா: மரை மேல பழி, தப்பு வேற எடத்துல

பேனா கறுப்பு எபோனைட்ங்கிற கெட்டியான பொருள்ல கையால லேத்துல கடைஞ்சது, உடம்புக்குள்ளயே நேரா இங்க் ஊத்திக்கிற ஐ டிராப்பர் டைப். சொந்தக்காரர் பெங்களூர் அல்சூர்ல இருக்கிற ரிட்டையர்ட் கணக்கு வாத்தியார், நான் சார்னுதான் கூப்பிடுவேன். கம்ப்ளெயின்ட் என்னன்னா சட்டைப் பையில குத்திக்கிட்டு ஸ்கூட்டர்ல ஓல்ட் மெட்ராஸ் ரோடு பக்கம் போயிட்டு வந்தா மூடி மட்டும் கிளிப்போட பையில தொங்குது, பேனா உடம்பு பைக்குள்ள தனியா விழுந்து கெடக்குது, சட்டை நாசம். "தம்பி, மரை தேஞ்சு போச்சு, புது மூடி ஒண்ணு கடைஞ்சு போட்டுக் கொடுத்துடுங்க"ன்னுதான் கையில குடுத்தார்.

பேனா சரி பண்ணிக் கொடுக்கிறதை சைடுல செய்யறவன் நான், திருகுமூடி லூஸ்னு வர்றவங்க முக்கால்வாசி பேர் இதைத்தான் சொல்வாங்க, மரை தேஞ்சுடுச்சுன்னு. தேயாதுன்னு சொல்லல, தேயும். ஆனா முதல்ல பார்க்க வேண்டிய எடம் அது இல்ல. மூடியை இறுக்கமா வெச்சிருக்கிறது மரை மட்டும் இல்லீங்க, மரையில ஏறி வந்து மூடி கடைசியா எது மேல போய் முட்டி நிக்குதோ அந்த எடமும் சேர்ந்துதான். ஊறுகாய் பாட்டில் மூடி திருகும்போது பாதி வழியில லொடலொடன்னுதான் ஆடும், விளிம்புல போய் உக்காந்த அப்புறம்தான் பிடிக்கும், பேனா மூடியும் அதே கணக்குதான். முட்டுற எடம் அகலமா தட்டையா இருந்தா லேசா திருகினாலே நிக்கும், அது சரியில்லன்னா மரை புத்தம் புதுசா இருந்தாலும் நிக்காது.

கையால செஞ்ச பேனாவுல இந்த முட்டுற எடம் மூணுல ஒண்ணாதான் இருக்கும். ஒண்ணு, மூடியோட வாய் விளிம்பு உடம்புல இருக்கிற படி மேல உக்காரும். இன்னொண்ணு, மூடிக்குள்ள ரெண்டு அளவுல குடைஞ்சிருப்பாங்க, மரை இருக்கிற எடம் பெருசு, உள்ள போகப்போக சின்னது, அந்த ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு படி வரும் இல்லையா, பேனா கழுத்தோட, அதாவது நிப்பை மாட்டி வெச்சிருக்கிற, விரலால பிடிக்கிற பகுதியோட, முன் விளிம்பு அதுல போய் உக்காரும். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை, ஏன்னா நிப் இருக்கிற அறை தனியா மூடிக்கும், இங்க் காயாது. மூணாவது, ரெண்டுலயும் முட்டாம, உடம்புல மரை முடியற எடத்துல பள்ளம் மேடாகிக்கிட்டே வரும் பாருங்க, அதுல போய் மூடி மரை சிக்கி நிக்கிறது. கைக்கு இறுக்கமா இருக்கிற மாதிரியே தெரியும், ஆனா அது நிக்கிறதே இல்ல, சிக்கிக்கிறது.

இந்தப் பேனாவுக்கு வருவோம். மூடி கழண்டுக்கிற கதையை விட சார் போற போக்குல சொன்ன ரெண்டு விஷயம்தான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. ஒண்ணு, கொஞ்ச காலமா காலையில எடுத்தா முதல் வரி எழுத மாட்டேங்குது, நிப்பை தண்ணியில தொட்டாத்தான் ஓடுது, முன்னாடி அப்படி இல்லன்னார். இங்க்கை மாத்திப் பார்த்திருக்கார், பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, உடம்புல செதுக்கின எழுத்துக்கு நேரா கிளிப் வந்து நிக்கும், இப்ப தாண்டிப் போயிடுதுன்னார். இதையும் மரை தேஞ்சதுக்கு சாட்சியா அவர் சொன்னார், எனக்கு அது வேற எதையோ சொல்லுச்சு. மூடி காயவிடுது, கழண்டுக்குது, முன்ன விட ஆழமாவும் போகுது, மூணும் ஒரே காரணத்துலதான் வரணும், முன்னாடி உள்ள முட்டி நின்ன ஏதோ ஒண்ணு இப்ப அங்க இல்ல.

"சார், இந்தப் பேனாவுல எதையாவது மாத்தினீங்களா"ன்னு கேட்டேன். முதல்ல இல்லன்னார், அப்புறம் யோசிச்சு, பழைய நிப்புக்கு அடியில இங்க்கைக் கொண்டு வர்ற நாக்கு ஒடைஞ்சு போச்சுன்னு கழுத்தையே மாத்தி ஜெர்மன் ஜோவோ ஆறாம் நம்பர் நிப் போடற மாதிரி புதுக் கழுத்து ஒண்ணு கடைய வாங்கினேன்னு சொன்னார். பழைய கழுத்தையும் டப்பாவுல பத்திரமா வெச்சிருந்தார், கணக்கு வாத்தியார் ஆச்சே. ரெண்டையும் வெர்னியர் அளவுகோல்ல வெச்சுப் பார்த்தா புதுசு 0.4 மில்லிமீட்டர் குட்டை.

0.4 மில்லி என்ன பெரிய விஷயம்னு தோணும், அதனால மரை கணக்கை கொஞ்சம் சொல்லிடறேன். பேனா மூடி மரை நம்ம போல்ட்டு நட்டு மாதிரி ஒத்தை மரையா பெரும்பாலும் இருக்காது. ஒத்தை மரைன்னா மூடி கழட்ட மூணு நாலு சுத்து சுத்தணும், எழுதறவனுக்கு பொறுமை இருக்காது, அதனால ஒரே எடத்துல மூணு மரையை பக்கத்துப் பக்கத்துல துவக்கி வெட்டுவாங்க. இந்தப் பேனாவுல மரை பல்லுக்குப் பல்லு 0.8 மில்லி, மூணு துவக்கம், அதனால ஒரு முழு சுத்துக்கு மூடி 2.4 மில்லி நகரும். ஒண்ணேகால் சுத்துல மூடி கையில வந்துடும், வசதி. ஆனா சரிவு அதிகம், அதிர்வு பட்டா பின்னாடி நழுவறதும் சுலபம், கொஞ்சம் பிடி விட்டாலே போதும் சீக்கிரம் கழண்டுடும். மூணு துவக்கம் இருக்கிறதால கிளிப் மூணு எடத்துல எதுலயாவது வந்து நிக்கும், அதுல ஒண்ணுதான் எழுத்துக்கு நேரா, சார் அந்தத் துவக்கத்தை தேடி வெச்சுத்தான் எப்பவும் மூடுவாராம்.

இப்ப கணக்கு போடுங்க. 2.4 மில்லிக்கு 360 டிகிரின்னா 0.4 மில்லிக்கு 60 டிகிரி. மூடி 60 டிகிரி கூடுதலா போயிருந்தா புதுக் கழுத்து மேல சரியா உக்காந்திருக்கும், பிரச்சனையே வந்திருக்காது, கிளிப் மட்டும் கோணலா நின்னிருக்கும். ஆனா கிளிப் எழுத்தைத் தாண்டி சுமார் 40 டிகிரிதான் போயிருந்துச்சு, அதாவது 0.27 மில்லி கிட்ட. மிச்சம் 0.13 மில்லி போறதுக்குள்ள மரை முடியற எடத்துல சிக்கிக்கிச்சு. ஒரு தாளு ரெண்டு தாளு கனத்துக்கு ஒரு இடைவெளி, அவ்வளவுதான். அந்த வழியாத்தான் காத்துப் போய் நிப் காஞ்சிருக்கு.

கணக்கு சரியா வந்தாலும் கண்ணால பார்க்காம நான் எதையும் வெட்ட மாட்டேன். ஃபிட்டர்ங்க ரெண்டு இரும்பு முகம் சரியா சேருதான்னு பார்க்க பிரஷியன் புளூங்கிற நீலக் களிம்பு தடவுவாங்க, அதையே விரல் நுனியில துளி எடுத்து கழுத்தோட முன் விளிம்புல மெல்லிசா தடவி, மூடியைத் திருகி, கழட்டி, உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள் படியில ஒரு புள்ளி நீலம் கூட இல்ல. துடைச்சுட்டு மரை முடியற எடத்துல தடவித் திருகினா, மூடி வாய்ல முதல் பல்லு மேல மட்டும் மூணு சின்ன நீலக் கீத்து, நூத்தி இருபது டிகிரி தள்ளித் தள்ளி. மொத்த மூடியும் அந்த மூணு கீத்துலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு. உடம்பு பக்கம் அந்த கடைசி மரை லேசா பளபளன்னு மழுங்கியும் இருந்துச்சு, சார் தேய்மானம்னு பார்த்தது அதைத்தான். மத்த மரையெல்லாம் கூர்மையா நல்லா இருந்துச்சு.

காலையில இறுக்கித்தானே வெச்சேன் மதியம் எப்படி லூஸாச்சுன்னு சார் கேட்டது நியாயமான கேள்வி. எபோனைட் கல்லு மாதிரி தெரிஞ்சாலும் அது ரப்பர்தான், ரப்பர்ல நிறைய கந்தகம் போட்டு வேகவெச்சது, 1851லயே அமெரிக்காவுல நெல்சன் குட்இயர் பேட்டன்ட் வாங்கின சரக்கு. அழுத்தத்துல வெச்சா மெல்ல மெல்ல விட்டுக் கொடுக்கும், உடம்புச் சூடு பட்டா இன்னும் சீக்கிரம் விட்டுக் கொடுக்கும். மூணு கீத்துல மொத்த அழுத்தமும் இருந்தா அந்த எடம் சீக்கிரம் தளர்ந்துடும், அப்புறம் இறுக்கமே இல்ல. அகலமான வளையம் மேல உக்காந்தா அழுத்தம் பரவிப் போய் நாள் முழுக்க நிக்கும். இதோட கிளிப் விஷயம் ஒண்ணு. பையில குத்தினா கிளிப்பு மூடியைத் துணியில பிடிச்சு வெச்சுக்கும், மூடி திரும்பாது, ஆனா கீழ உடம்பு சும்மா தொங்குது. வண்டி குலுக்குற குலுக்கல்ல பையில இருக்கிற போன், சாவி எல்லாம் அதை உரசி உரசி திருப்பிக்கிட்டே இருக்கும். மூடி கழண்டுச்சுன்னு சொல்றோம், நிஜமா கழண்டது உடம்பு.

நான் கையில வாங்கறதுக்கு முன்னாடி சார் சில வைத்தியம் பண்ணியிருந்தார், எல்லாரும் பண்றதுதான், அதனால சொல்லணும். முதல்ல சிலிகான் கிரீஸ். கழுத்து உடம்போட சேர்ற மரையில இங்க் கசியாம இருக்க கிரீஸ் போடறது சரி, ஐ டிராப்பருக்கு அது கட்டாயம். அதையே மூடி மரையில போட்டா, பிடிப்புக்கு இருந்த கொஞ்சநஞ்ச உராய்வும் போயிடும், இன்னும் சுலபமா கழலும். அப்புறம் பைப்புக்கு சுத்தற வெள்ளை டேப். ரெண்டு நாளைக்கு கெட்டியா இருக்கும், அப்புறம் நூல் நூலா பிஞ்சு நிப் மேல போய் விழும், அதைவிட மோசம் என்னன்னா டேப் கனம் மூடி வாயை உள்ளேர்ந்து விரிக்கும், மூடியோட வாய் விளிம்புதான் பேனாவுலயே மெல்லிசான எடம், அங்க விரிசல் விட்டா அப்புறம் நிஜமாவே புது மூடிதான். நல்லவேளை விரிசல் இல்ல, நகத்தால தடவிப் பார்த்தேன், லென்ஸ்லயும் பார்த்தேன். யாரோ நெயில் பாலிஷ் பூசச் சொன்னாங்களாம், சார் செய்யல, செய்யாததே நல்லது, அதுல இருக்கிற கரைப்பான் எபோனைட்டை உடனே ஒண்ணும் பண்ணாட்டியும் செல்லுலாயிட் பேனாவா இருந்தா உருக்கிடும். சூப்பர் க்ளூ பூசி மரையை கனமாக்குறதும் உண்டு, அதோட ஆவி சுத்தியும் வெள்ளையா பூத்துடும், காஞ்ச அப்புறம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இது எல்லாமே மரையை டைட் பண்ற வேலை. நோய் அங்க இல்ல.

சரி என்ன பண்ணலாம். புதுக் கழுத்தை நீளமா இன்னொண்ணு கடையலாம், அதுதான் சுத்தமான வழி, ஆனா ஜோவோ நிப் உக்கார்ற மரையை வெட்ட அதுக்குன்னே தனி மரை வெட்டற கருவி வேணும், எல்லா பட்டறையிலயும் இருக்காது, செலவும் ஜாஸ்தி. புது மூடி போடலாம், அப்போ பழைய மூடியோட பொருத்தம் போயிடும். கையால செஞ்ச பேனாவுல மூடியும் உடம்பும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் பார்த்து வெட்டினது, இன்னொரு பேனா மூடி இதுக்கு சரியா சேரும்னு நம்ப முடியாது. நிறமும் ஒத்து வராது, எபோனைட் வெயில் பட்டுப் பட்டு லேசா பழுப்பாயிருக்கும், புதுசு கன்னங்கரேல்னு தனியா தெரியும். அதனால நான் எடுத்தது மூணாவது வழி. மூடிக்குள்ள இருக்கிற படி மேல ஒரு எபோனைட் வளையம் வெச்சு அரக்குல ஒட்டறது. கழுத்து குட்டையான 0.4 மில்லியை மூடிப் பக்கமிருந்து திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான் ஐடியா. பிடிக்கலன்னா சூடு காட்டி எடுத்துடலாம், பேனாவுல எதையும் வெட்டல, குடையல. பழைய பேனாவுல கை வைக்கும்போது எனக்கு இது பெரிய விஷயம்.

அல்சூர்லேர்ந்து மெட்ரோ பர்ப்பிள் லைன், மெஜஸ்டிக்ல மாறி கிரீன் லைன்ல பீன்யா. அங்க தர்மபுரிக்காரர் ஒருத்தர் சின்ன லேத் பட்டறை வெச்சிருக்கார், வழக்கமா பித்தளை புஷ் கடையறவர், என் வேலைன்னா மதிய சாப்பாட்டு நேரத்துல பண்ணிக் கொடுப்பார். துண்டு எபோனைட் ராடு என்கிட்ட இருந்துச்சு. வெளி அளவு 11.8, உள் அளவு 9.5, கனம் 0.6னு சொன்னேன். "அண்ணே, 0.6 வேணுமா 0.4 வேணுமா, தீத்து சொல்லுங்க"ன்னார், தேய்ச்சு இறக்கத்தான் கூடுதல், 0.6 போடுங்கன்னேன். இவ்வளவு மெல்லிசு வளையத்தை லேத்தோட பிடிப்பான் சக்குல பிடிக்க முடியாது, பிடிச்சா நசுங்கிடும், அதனால ராடு நுனியிலயே வெளியை இறக்கி, உள்ளைக் குடைஞ்சு, கடைசியா பார்ட்டிங் டூல்ல சீவி எடுக்கணும். டூல் நல்லா கூரா இருக்கணும், மழுங்கினா எபோனைட் சூடாகி ஓரம் பிசிறு பிசிறா வரும். நல்ல கூரா இருந்தா சுருள் சுருளா வரும், பட்டறை முழுக்க கந்தக வாடை. நாலஞ்சு வளையம் சீவிக் கொடுத்தார், ஒண்ணு ரெண்டு ஒடையும்னு தெரிஞ்சு.

இனி வர்றதுதான் இந்த வேலையிலயே நான் ரொம்ப ரசிச்ச பகுதி. 0.6 வளையத்தை ஒட்டாம அப்படியே ட்வீசர்ல மூடிக்குள்ள எறக்கி வெச்சுட்டு, கிரீஸையெல்லாம் சோப்புத் தண்ணியில சுத்தமா எடுத்த மரையில, எழுத்துக்கு நேரா வர்ற அந்த ஒரு துவக்கத்துல மூடியைத் திருகினேன். கிளிப் எழுத்துக்கு 30 டிகிரி முன்னாடியே நின்னுடுச்சு. சரியான கணக்கு, 0.2 மில்லி அதிகம்னா 30 டிகிரி. அப்போ வெர்னியரே வேண்டாம், கிளிப்பே அளவுகோல் ஆயிடுது, 0.1 மில்லி தேய்ச்சா கிளிப் 15 டிகிரி நகரும். கண்ணாடித் தகடு மேல 400 நம்பர் தண்ணி எமரி பேப்பரை விரிச்சு, வளையத்தை விரல் நுனியால அழுத்தி எட்டு போடற மாதிரி சுத்திச் சுத்தி தேய்ச்சு, கழுவி, துடைச்சு, மூடிக்குள்ள போட்டு, திருகிப் பார்த்து, திரும்ப எடுத்துத் தேய்ச்சு... கிளிப் கொஞ்சம் கொஞ்சமா எழுத்தை நோக்கி வர்றது தெரியும். எழுத்துக்கு ஒரு மயிரிழை தாண்டறப்ப நிறுத்தினேன், அரக்கோட கனம் அதை இழுத்து நேராக்கிடும்.

அரக்குச் செதிலை ஸ்பிரிட்ல கரைச்சு, தேன் பதத்துக்கு, ஊசி நுனியில எடுத்து படி மேல புள்ளி புள்ளியா வெச்சு, வளையத்தை எறக்கி, கழுத்து முன் விளிம்புல துளி மெழுகு தடவிட்டு, மூடியை லேசா திருகி அந்த அழுத்தத்துலயே உக்கார விட்டேன். மெழுகு எதுக்குன்னா வழிஞ்ச அரக்கு கழுத்தையும் சேர்த்து ஒட்டிடக் கூடாது. கொஞ்ச நேரத்துல கழட்டி, ஓரத்துல பிதுங்கினதை சுத்தம் பண்ணி, ரெண்டு நாள் திறந்து காய விட்டேன், அவசரப்பட்டா ஸ்பிரிட் உள்ள மாட்டிக்கிட்டு அரக்கு குழகுழன்னே இருக்கும். மறுபடி புளூ தடவிப் பார்த்தப்ப வளையம் மேல முழு வட்டமா நீலம், எங்கயும் விட்டுப் போகல. மரை முடியற எடத்துல ஒரு கீத்து கூட இல்ல, அங்க இன்னும் 0.27 மில்லி வழி பாக்கி இருக்கு, சிக்காது.

பேனாவைக் கொடுக்கும்போது சார்கிட்ட ஒண்ணு சொன்னேன், மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கால வெள்ளைப் பென்சில்ல ஒரு கோடு போட்டிருக்கேன், வண்டியில போயிட்டு வந்ததும் கோடு சேர்ந்திருக்கான்னு மட்டும் பாருங்க, கையால இறுக்கிப் பார்க்காதீங்க. இறுக்கிப் பார்த்தா நமக்கு எப்பவுமே சந்தேகமாத்தான் இருக்கும், கோடு பொய் சொல்லாது. அவர் அதே ரோடு, அதே பை, அதே சாவிக் கொத்தோட சில வாரம் பார்த்தார், கோடு நகரல. காலையில முதல் எழுத்தே ஓடுதுன்னு அவரே போன் பண்ணிச் சொன்னார், அதுல எனக்கு கோடு நகராததை விட சந்தோஷம், ஏன்னா உள்ள நிஜமா மூடிக்குதுன்னு அதுதான் சாட்சி.

ஒரு விஷயம் மட்டும் மூடியால தீராதது. மூடிக்குள்ள எப்பவாவது ஒண்ணு ரெண்டு சொட்டு இங்க் இருக்குன்னார். இது கழண்டதால இல்ல. ஐ டிராப்பர்ல இங்க் குறைஞ்சு காத்து அதிகமானா, நெஞ்சுச் சூட்டுல அந்தக் காத்து விரிஞ்சு இங்க்கை நாக்கு வழியா தள்ளும். பாதிக்குக் கீழ போக விடாம ரொப்பிக்கிட்டா பெரும்பாலும் அடங்கிடும். இதையும் மூடி லூஸையும் ஒண்ணா குழப்பிக்கிட்டு மூடியைப் போட்டு இறுக்கி இறுக்கி வாய் விரிசல் விட்ட பேனாவையெல்லாம் பார்த்திருக்கேன்.

எல்லாப் பேனாவுக்கும் வளையம்தான் மருந்துன்னு எடுத்துக்காதீங்க. மூடி விளிம்பு உடம்புப் படியில முட்டுற வகையா இருந்து, கொஞ்சம் பிடிப்பு மட்டும் குறைஞ்சிருந்தா, எஸ்ஜேபி ரோடுல ஆயில் சீல் விக்கிற கடையில 1 மில்லி கனத்துல நைட்ரைல் ரப்பர் வளையம், ஓ ரிங்னு சொல்வாங்க, கிடைக்கும், மரை முடிஞ்சு படிக்கு முன்னாடி அது உக்கார எடம் இருந்தா போதும், கறுப்புப் பேனாவுல தெரியக் கூட தெரியாது. எடம் இல்லன்னா அதுக்காக காடி வெட்டாதீங்க, ஐ டிராப்பர் உடம்பு அந்த எடத்துல ஏற்கனவே மெல்லிசு. நிஜமாவே எல்லா மரையும் மழுங்கி, திருகும்போதே பல்லு தாண்டிக் குதிக்குதுன்னா அதுக்கு ஒட்டு வேலை எதுவும் நிக்காது, மூடி வாயைக் குடைஞ்சு உள்ள எபோனைட் ஸ்லீவ் வெச்சு புதுசா மரை வெட்டணும், இல்ல புது மூடி. பாதித் திருகல்ல மூடி பக்கவாட்டுல ஆடுது, அதனால லூஸ்னு சொல்றவங்களுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், மரைக்கு அந்த ஆட்டம் இருந்தாத்தான் சுத்தவே முடியும்.

சாரோட பேனாவுல அந்த மழுங்கின கடைசி மரையை நான் தொடல. இப்ப அது எந்த வேலையும் செய்யல. கழுத்தை எப்பவாவது கழுவக் கழட்டினா, கிரீஸ் போட்டு கடைசி வரை திருகி உக்கார வெச்சுட்டு கிளிப் எழுத்துக்கு நேரா வருதான்னு பாருங்கன்னு சொல்லியிருக்கேன். நேரா வராம முன்னாடியே நின்னா கழுத்து முழுசா உள்ள போகலன்னு அர்த்தம், தாண்டிப் போனா வளையம் வந்துடுச்சுன்னு அர்த்தம், எடுத்துட்டு வாங்க.